சமவெளிக்கு ஒரு கல்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். நீ என்னோடு பேசாமல் இருக்கும்போது நானாக எழுதினால் உனக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் பயனில்லை. நீ “ம், சொல்லு” என்பாய், நான் “ஒண்ணுமில்ல” என்று வைத்துவிடுவேன். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவையாவது படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு கல் வேண்டும். சிரிக்காதே.

எங்கள் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டுகிறார்கள். அதன் தரை முழுவதும் நாட்டின் வரைபடம். கடற்கரை, பீடபூமி, மலை என்று ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த இடத்துப் பாறையாலேயே பதிக்க வேண்டும். கற்களைச் சேர்த்து, கழுவி, எண் ஒட்டி வைப்பது என் வேலை. கடற்கரைக்குச் சிப்பித் துண்டுகள் இறுகிப்போன மணற்கல் வந்துவிட்டது. சல்லடைபோல் ஓட்டை ஓட்டையான செம்புரைக்கல்லும் வந்துவிட்டது. பீடபூமிக்கு இரண்டு வகை: எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்தது ஒன்று, உப்பும் மிளகும் கலந்து தூவியதுபோல் புள்ளி மினுங்கும் கருங்கல் ஒன்று. மலைக்குச் சிலேட்டுக்கல், பளிங்கு, அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சுண்ணாம்புக்கல். மேகம் உரசும் உயரத்தில் உடைத்தெடுத்தது. உள்ளே பார்த்தால் கடல் நத்தையின் சுருள். கடல் அங்கே எப்படிப் போனது, அல்லது மலை எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அதைக் கழுவினேன். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

சமவெளிக்கு மட்டும் ஒன்றுமில்லை. எங்கள் கண்காணிப்பாளர், “சமவெளியில ஏதும்மா பாறை? வெறும் மண்ணு. சிமென்ட் பூசி பச்சை பெயின்ட் அடிச்சு விட்ரலாம்” என்றார். நான் தலையை ஆட்டினேன். கூட்டங்களில் எனக்குத் தெரிந்த வேலை அதுதான். ஆனால் மனது கேட்கவில்லை. அவ்வளவு பேர் வாழும் நிலத்துக்கு வெறும் பெயின்டா?

நீ இருப்பது சமவெளி. கண்டக்டராகப் பஸ்ஸில் தினம் ஊர் ஊராகப் போகிறாய். அங்கே கண்ணில் படுகிற கல் எதுவானாலும் சரி, ஒன்றை எடுத்து அனுப்ப முடியுமா? குட்டி எப்படி இருக்கிறாள்? மாமாவைக் கேட்டதாகச் சொல். கோபம் தீராவிட்டால் கல்லை மட்டும் அனுப்பு, கடிதம் வேண்டாம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 17

ஊமைக்கோட்டானுக்கு,

மன்னிப்பில் ஆரம்பித்திருக்கிறாய். எதற்கு? கடிதம் எழுதியதற்காம். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. தண்ணீருக்கு ஒரு வீட்டுக்காரியிடம் சண்டை, ஆணி அடித்ததற்கு இன்னொருத்தியிடம் சண்டை, குட்டி ஓடினாள் என்று கீழ் வீட்டுக்காரனிடம் சண்டை. எல்லாம் முடிந்து, என் பெயரில் நாலு சுவர் எழுந்து குடிபோனேன். உறவு மொத்தமும் வந்தது. கூடப் பிறந்தவளைக் காணோம். “தங்கச்சி வரலையா?” என்று கேட்காத வாய் இல்லை. “மலைக்குக் கல்லு பொறுக்கப் போயிருக்கா” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது பார், அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது அதே கல்லுக்கு என்னிடமே வந்திருக்கிறாய். நல்ல நெஞ்சழுத்தம்.

இங்கே கல் கிடையாது. நாய் துரத்தினால் எறிய ஒரு கல் அகப்படாது. மண்கட்டியைத்தான் எறிகிறோம். இந்த ஊர் நாய்கள் அதற்குப் பயப்படுவதை விட்டு வெகுகாலமாகிறது. ஆனாலும் நேற்று ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது இறங்கி, தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். டிரைவர் எட்டிப் பார்த்து, “யாரு மண்டைக்கு அக்கா?” என்றான். “என் தங்கச்சிக்கு” என்றேன். “சில்லறை தராதவனுக்கோன்னு பயந்துட்டேன்” என்றான்.

இன்னொன்று குட்டி கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்ததாம். கறுப்பாக, பளபளவென்று, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. எரிமலைக் கல் என்று சாதிக்கிறாள். “சித்தி எம்பேர போட்டு வைப்பாளா?” என்று கேட்கிறாள்.

டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலைக் கொண்டுவந்த அட்டெண்டர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “வெயிட்டா இருக்கே, வீட்ல இருந்து பலகாரம்னு வாய ஊறப் போட்டுட்டு வந்தேன்” என்றார். பிரித்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “உங்க குடும்பத்துல எல்லாருக்குமே இந்தப் பழக்கமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்டவாளக் கல் உங்கள் ஊர்க் கல் இல்லை. அது பீடபூமியில் வெடிவைத்து உடைத்த எரிமலைப் பாறை. சரக்கு வண்டியில் வந்து உங்கள் ஊரில் இறங்கியிருக்கிறது. மூலைகள் கூராக இருப்பதைக் கவனித்தாயா? இயந்திரம் உடைத்த கல் அப்படித்தான் இருக்கும். குட்டியிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவள் அனுப்பியது எரிமலைக் கல் இல்லை. செங்கல் சூளையில் சூடு மிஞ்சி உருகிப்போன செங்கல். எனக்கும் முதலில் சந்தேகம் வந்தது, உடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் அது உங்கள் மண்ணிலேயே பிறந்த கல். அதனால் என் மேசையில் அவள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ குடிபோன அன்று நான் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரம் மலைக்குக் குழு கிளம்புவதாக இருந்தது. லீவு கேட்பதற்காகக் கண்காணிப்பாளர் மேசை முன்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அவர் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார். “பசை தீந்துருச்சு சார்” என்றேன். ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் வீட்டில் யாரும் இப்படி ஓர் அறையில், ஒரு மேசை முன்னால் நின்று எதையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று யாரைப் பார்த்துப் பழகியிருப்பேன்? சாக்காகச் சொல்லவில்லை. மலையில் இருந்த நாளெல்லாம் உன் வீட்டு வாசலைத்தான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். எந்த நிறம் அடித்திருப்பாய் என்று இன்னமும் தெரியாது.

உன் தங்கை

*

மார்ச் 15

அடி பசை டப்பா,

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். டிராக்டருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், சிரித்த சிரிப்பில் தலையை இடித்துக்கொண்டார். “அந்தப் புள்ளைய இவ்வளவு நாள் வஞ்சுட்டியேடி” என்று என்மேலேயே பாய்கிறார். நீங்களும் சேர்ந்துதானே வைதீர்கள் என்றேன். மறுபடி டிராக்டருக்கு அடியில் புகுந்துகொண்டார்.

வாசலுக்கு மஞ்சள் அடித்திருக்கிறேன். தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். வண்டி அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். டிரைவர்கூட ஆரனை அடித்து, “உங்க வீடு எங்கயும் ஓடிப்போகல அக்கா” என்பான்.

குட்டி உன்மேல் கோபமாக இருந்தாள். அவள் பெயர் உன் மேசையில் இருக்கிறது என்றதும் கோபம் போய்விட்டது. அவள் குணம் என்னிடமிருந்து வரவில்லை.

இப்போது சேதி. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறோம். யாருக்கு என்று கேட்காதே. லீவு கேட்கத் தெரிந்தவுடன் வந்து தங்கு, அவ்வளவுதான். ஆற்றைப் பார்த்தபடி, காற்று நன்றாக வரும். ஆறு இப்போது பக்கத்தில்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் துவைக்கிற இடத்துக்குப் போய்விடலாம். வீடு கட்டிய புதிதில் இரண்டு பாட்டு வேண்டியிருந்தது. கரை சரிந்து சரிந்து எனக்கு நடை மிச்சம்.

அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டினோமா, மேலே களிமண், அதற்குக் கீழே மணல். இடுப்பளவு போனதும் மண்வெட்டி ணங்கென்றது. கல்! எறிவதற்கு ஒரு கல் இல்லாத ஊரில், என் வீட்டுக்கு அடியில் கூடை கூடையாகக் கல். எல்லாம் உருண்டை. வெள்ளை, கறுப்பு, பச்சைச் சாயல், கோடு போட்டது, கோழிமுட்டை அளவு, தேங்காய் அளவு. கொத்தனார், “மனை வாங்குனா கல்லு இனாமா குடுத்தாங்களாம்மா?” என்கிறார். என் தங்கைக்கு என்று ஒரு சாக்கை ஒதுக்கி வைத்தேன். “மேடம் என்ன வேல பாக்குறாங்க?” என்றார். கவர்மெண்டில் கல் கழுவுகிறாள் என்றேன்.

கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லையடி. இத்தனை நாள் நீ ஏன் இப்படி அலைகிறாய் என்று கொஞ்சம் புரிந்தது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது? சீக்கிரம் எழுது.

அக்கா

*

மார்ச் 28

என் அன்பு அக்காவுக்கு,

சாக்கைப் பிரித்துத் தரையில் கொட்டிவிட்டு, அதன் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து வெகுநாளாகிறது.

உன் குழியில் மலை முழுவதும் இருக்கிறது, அக்கா. கறுப்பும் தட்டையுமாக இருப்பது சிலேட்டுக்கல். கோடு போட்டது, மலையின் வயிற்றுக்குள் அழுந்தி வெந்து வரிவரியாகிப் போன பாறை. வெள்ளையாக இருப்பது படிகக்கல், எதற்கும் தேயாத பிடிவாதக்காரக் கல். சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதை நனைத்தவுடன் நத்தைச் சுருள் தெரிந்தது. என் சுண்ணாம்புக்கல்! நான் மேகத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க ஏறி எடுத்தது, உன் கொல்லையில் தானாக வந்து படுத்திருக்கிறது. உடைந்து விழுந்து, ஆற்றில் உருண்டு, ஒன்றோடொன்று மோதி மூலை தேய்ந்து, இப்படி உருண்டையாகிவிட்டன. சமவெளி என்பது வேறொன்றுமில்லை. மலை கோடி வருஷமாகப் பொடிந்து வந்து படுத்த இடம்தான். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நேற்றுத்தான் புரிந்தது.

கண்காணிப்பாளர் மேசையில் மலையில் எடுத்த கற்களை ஒரு வரிசையாக வைத்தேன். அதற்கு எதிரே உன் கற்களை அதே வரிசையில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். “பெயின்ட் வேணாம்மா” என்றார். ஆக, சமவெளி உன்னுடையது. இன்னும் கல் வேண்டும், முடிந்ததை அனுப்பு.

ஓர் உதவி. குழியின் சுவரை நன்றாகப் பார்த்துச் சொல்வாயா? கற்கள் தாறுமாறாகக் கிடக்கின்றனவா, ஒழுங்காகப் படுத்திருக்கின்றனவா? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? அவற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது? அறையைப் பற்றி எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் தங்கை

கரை சரிவதாக எழுதியிருந்தாயே, எல்லா மழைக்கும் சரிகிறதா?

*

ஏப்ரல் 10

ஆராய்ச்சி அம்மாளுக்கு,

நீ கேட்டாய் என்று வேலைக்குப் போகிற உடுப்போடு குழிக்குள் இறங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே நின்ற கொத்தனார், “டிக்கெட் எடுக்காம எவனாவது உள்ள ஒளிஞ்சிருக்கானாம்மா?” என்கிறார்.

எழுதிக்கொள். கற்கள் ஒழுங்காகத்தான் படுத்திருக்கின்றன. ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பக்கச் சாய்வு. காலை ஆற்றுப் பக்கம் நீட்டி, தலையைத் தெருப் பக்கம் தூக்கி வைத்துப் படுத்தால் எப்படி இருக்கும், அப்படி. யாரோ பொறுமையாக அடுக்கியதுபோல் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு நடையைத் தவறவிட்டு, டிப்போவில் திட்டு வாங்கினேன். உன் கணக்கில் எழுதிக்கொள்.

இப்போது வேடிக்கை. கல்லுக்குக் கீழே என்ன என்று கேட்டாயே. இன்னும் கொஞ்சம் தோண்டச் சொன்னேன். கல் அடுக்கு முடிந்து மறுபடி மணல். அந்த மணலில், கல்லுக்கு நேர் அடியில், ஒரு ரப்பர் செருப்பு! நீல வார். இடது கால். குதிகால் தேய்ந்திருக்கிறது. குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. “மலை கோடி வருஷம்னு சித்தி சொன்னாள்ல, அப்ப செருப்பு அதுக்கும் முன்னாடியா?” என்கிறாள். டைனோசர் போட்ட செருப்பு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். கொத்தனார், முன்னால் குடியிருந்தவனுடையதாக இருக்கும் என்கிறார். குடியிருந்தது யார்? இது வெறும் நிலம், வீடே இருந்ததில்லை என்று சொல்லித்தானே விற்றார்கள்.

கழுவிக் காயவைத்திருக்கிறேன். உங்கள் கூடத்துக்கு வேண்டுமா?

கரை எல்லா மழைக்கும் சரியவில்லை. இந்த இரண்டு வருஷ மழைக்குத்தான். ஏன்?

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தயவுசெய்து இன்னொரு தடவை இறங்கிப் பார். செருப்புக்கு மேலே இருந்த கல் அடுக்கு எங்கேயாவது கலைந்திருக்கிறதா? யாராவது முன்பு பள்ளம் வெட்டி, செருப்பைப் போட்டு மூடியிருந்தால், அந்த இடத்தில் கோடு அறுந்து மண் கலங்கித் தெரியும். நாலு சுவரையும் பார். மணல், கல், களிமண் என்று கோடுகள் குழியைச் சுற்றி விடாமல் ஓடுகின்றனவா? பதிலை உடனே எழுது. கான்கிரீட் என்றைக்குப் போடுகிறார்கள்?

தங்கை

*

மே 2

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு சொல் இல்லை. குற்றவாளியைக் கேட்பதுபோல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறாய். அன்றைக்கு நீயே போன் செய்தாய் என்று பதறி எடுத்தால், “பார்சல் அனுப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு என்னடி ஆயிற்று?

நாலு சுவரையும் பார்த்தாகிவிட்டது. மாமாவும் இறங்கிப் பார்த்தார். கோடு எங்கேயும் அறவில்லை. புடவைக் கரை ஓடுகிற மாதிரி குழியைச் சுற்றிச் சீராக ஓடுகிறது. வெட்டி மூடின அடையாளமே இல்லை. “உந்தங்கச்சி நம்ம அஸ்திவாரம் ஒழுங்கா இருக்கான்னு செக் பண்றா போல” என்று மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் டிராக்டர் பட்டறையில் எல்லோரிடமும் சொல்கிறார்.

கம்பி வந்து இறங்கிவிட்டது. வருகிற பதினைந்தாம் தேதி கான்கிரீட். மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். ஜன்னலை மட்டும் உன்னைக் கேட்டு வைக்கலாம் என்று நிறுத்தியிருக்கிறேன். ஆற்றுப் பக்கம் வைக்கட்டுமா, தெருப் பக்கம் வைக்கட்டுமா? ஆற்றுப் பக்கம்தான் கேட்பாய், எனக்குத் தெரியும். அலமாரியில் உன் கல்லையெல்லாம் அடுக்க உயரமாக ஒரு தட்டு சொல்லியிருக்கிறேன்.

நமக்கு யாரும் ஓர் அறை தந்ததில்லை. நான் தருகிறேன், வாங்கிக்கொள். அதற்குப் பதில் ஒரு நல்ல கடிதம் எழுது.

அக்கா

*

மே 8

என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டேன். குட்டி வரைந்த படம் வந்தது, செருப்பு போட்ட டைனோசர் அழகாக இருக்கிறது. கூடத்தில் தரை வேலை முடிந்துவிட்டது. சமவெளிக்கு உன் கற்களைப் பதித்தார்கள். நீ சொன்ன மாதிரியே, எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்துப் பதிக்க வைத்தேன். மலையிலிருந்து இறங்கி வந்து அதன்மேல் நின்றால் பாதத்துக்கு இதமாக இருக்கிறது. அட்டெண்டர் யாரும் பார்க்காதபோது அங்கேதான் போய் நிற்கிறார்.

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். அன்றைக்குப் போன் செய்ததும் இதைச் சொல்லத்தான். உன் குரல் கேட்டவுடன் வாய் பார்சலுக்குப் போய்விட்டது. தபாலில் போட்டால் தாமதமாகும், அதனால் உன் டிப்போவுக்கு வரும் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அந்தச் செருப்பு கோடி வருஷத்துச் செருப்பு இல்லை. நம் அப்பா போட்டிருந்தாரே, அதே மாதிரி ரப்பர் செருப்பு. அது மணலில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கல் வந்து அதன்மேல் படிந்தது. கல்லுக்கு மேல் மணல், அதற்கு மேல் களிமண். யாரும் வெட்டவில்லை, மூடவில்லை. அதைத்தான் உன்னைப் பார்க்கச் சொன்னேன். தேங்காய் அளவு கல்லைத் தூக்கிவந்து, ஓடு வேய்ந்ததுபோல் சாய்த்து அடுக்குகிற வேலையை வேகமாக ஓடுகிற ஆறு மட்டும்தான் செய்யும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம்தான் கல் காலை நீட்டியிருக்கும். உன் குழியில் அது ஆற்றுப் பக்கம். ஆக, ஆறு அங்கிருந்து வந்து, உன் கொல்லை வழியாக, இப்போது தெரு இருக்கும் பக்கம் ஓடியிருக்கிறது. பழங்காலத்தில் இல்லை, ரப்பர் செருப்பு போட்ட மனிதர்கள் காலத்தில். பிறகு விலகிப் போயிருக்கிறது. காலியாகக் கிடந்த இடத்தை யாரோ மனையாக்கி விற்றிருக்கிறார்கள். இப்போது இரண்டு மழையாக அது கரையை அரித்துக்கொண்டு உன் பக்கம் திரும்பி வருகிறது.

வரும் மழையில் வந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. வராமலே போகலாம். என் சந்தேகம்தான் தப்போ என்று கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாயால்தான் சொன்னேன். நடுவில் திக்கினேன், அவர் காத்திருந்தார். கரையின் கணக்கைச் சொன்னபோது எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார். “அங்க இருக்கிறது யாரும்மா?” என்றார். எங்கக்கா என்றேன். “இந்த மழைக்கு அவங்க அங்க படுக்க வேணாம்” என்றார். ஆறுகளை அளக்கும் துறைக்கு அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் வந்து பார்க்க மழை முடிந்துவிடும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குக் கேட்கிறது. குடிபோனபோது வராதவள், இப்போது குடியெழுப்ப வருகிறாள் என்பாய். சொல். மறுபடி பேசாமல் போனாலும் போ. நீ பேசாமல் இருந்த நாட்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன். உன் கையால் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்து, நான் கேட்டதையெல்லாம் சந்தோஷமாகப் பார்க்க வைத்து, கடைசியில் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். செருப்பைப் பற்றி நீ எழுதிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. தப்பாக இருக்கட்டும், கோடு அறுந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உன்னை மறுபடி குழிக்குள் இறக்கினேன்.

ஜன்னல் எந்தப் பக்கமும் வேண்டாம், அக்கா. கம்பியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று மாமாவை விசாரிக்கச் சொல். நீ எனக்கு ஓர் அறை தர நினைத்தாய். அது போதும், நான் அதில் குடிவந்துவிட்டேன்.

இனி ஒன்றே ஒன்றுதான். இதை எழுத வரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுவேன், இன்றைக்கு மூடப் போவதில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி மேட்டில் தெருக்கள் இருப்பதாகச் சொல்வாயே, மழை தொடங்குமுன் அங்கே போய்விடு. குட்டி, மாமா, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். வீட்டுக்காரி எப்படிப்பட்டவளாக இருந்தாலும் பொறுத்துக்கொள். இந்த ஒரு மழைக்கு மட்டும், மறுபடி ஒரு வாடகை வீடு பார், அக்கா.

உன் தங்கை